அவளா, அவரா? கைதிக் கப்பலில் வந்த பாட்டியைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். 14 வருடமாக மெல்பர்னில் இருக்கிறேன். கணவர் இந்த நாட்டுக்காரர். அவர்கள் குடும்பம் பல தலைமுறையாக டாஸ்மேனியாவில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்கு, 'எங்கள் குடும்பத்தில் கடல் கடந்து வந்த ஒருவர்' என்று பள்ளியில் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் தாத்தாவைப் பற்றி எழுதச் சொன்னேன். அவளோ மாமியார் காட்டிய ஒரு பழைய பதிவேட்டுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கணவருடைய தாத்தாவின் தாத்தாவைப் பெற்றவள், 1841-ல் இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதியாம். ஒரு சால்வையும் ஓர் இஸ்திரிப் பெட்டியும் திருடியிருக்கிறாள். ஏழு வருடத் தண்டனை. இங்கே வந்தும் குடித்தாள், வேலை வீட்டை விட்டுப் போனாள், எதிர்த்துப் பேசினாள், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பெற்றாள் என்று வரிசையாக இருக்கிறது. மாமியார் வீட்டில் இதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்குக் கூசுகிறது. ஊரில் அம்மாவிடம் சொன்னால், 'திருட்டுப் பரம்பரைன்னு பிள்ளையே எழுதிக் குடுக்கணுமா?' என்கிறார். பத்து வயதுப் பெண்ணை இதை எழுத விடலாமா? பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, மெல்பர்ன்

அன்புள்ள சகோதரிக்கு,

எழுத விடுங்கள். ஆனால் அவள் எழுதத் தொடங்குவதற்கு முன் நீங்கள் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். கைதிப் பதிவேடுகளைப் படித்துக் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்வதே 20 வருடத்துக்கு மேலாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த மாதிரிப் பக்கத்தை முதல்முறை படிக்கிற எல்லோரும் குற்றம் என்ற கட்டத்தை மட்டும் படித்துவிட்டு நிமிர்ந்துவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் படித்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்று கண்ணில் பட்டது. சிங்கப்பூர் போனவர் 'என் தாத்தா'. டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டுக்கு வந்தவரோ 'திருடியிருக்கிறாள்', 'குடித்தாள்', 'பெற்றாள்'. அவரும் உங்கள் மகளுக்குப் பாட்டிதான். எள்ளுப்பாட்டிக்கும் மேலே. ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் வராது. ஆனால் வீட்டில் நீங்கள் அவளிடம் தமிழில்தானே பேசுவீர்கள்? அப்போது 'பாட்டி' என்று சொல்லிப் பாருங்கள். 'பாட்டி ஒரு சால்வையைத் திருடினார்.' சொல்லும்போதே அடுத்த கேள்வி தானாக வரும்: ஏன், யாருடைய சால்வை? 'திருடி' என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி வருவதே இல்லை.

சரி, நகலுக்கு வருவோம். பெரிதாக்கிப் படித்தேன். வயது 19. உயரம், செருப்பில்லாமல், 4 அடி 11 அங்குலம். பழுப்பு முடி. முகத்தில் அம்மைத் தழும்பு. இடது முன்கையில் பச்சை குத்திய இரண்டு எழுத்துகள். புகைப்படம் வழக்கத்துக்கு வராத காலம் அது. தப்பி ஓடினால் அடையாளம் சொல்லிப் பிடிக்க வேண்டுமே என்பதற்காக, நெற்றி, புருவம், மூக்கு, முகவாய் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு எழுதிவைத்தார்கள். பிடிப்பதற்காக எழுதியதுதான். ஆனாலும் அதே காலத்தில் கௌரவமாகக் கப்பலேறி வந்த எத்தனையோ பெண்களின் முகம் எப்படி இருந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மகளால் இந்தப் பாட்டியைப் படமாகவே வரைய முடியும். வரையச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு எழுத்தில் இரண்டாவது, பாட்டியின் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. முதல் எழுத்து அவருடைய பெயருக்கு உரியது அல்ல. அப்படியானால் யாரோ ஒரு கூடப்பிறந்தவர், அல்லது அப்பா, அம்மா. அல்லது குழந்தை. ஏனென்றால் இன்னொரு கட்டத்தில், மிகச் சிறிய எழுத்தில், 'மணமாகாதவர், ஒரு குழந்தை' என்று இருக்கிறது. இதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஹோபார்ட்டில் பிறந்த பிள்ளை வேறு. இது இங்கிலாந்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளை.

இப்போது அந்தச் சால்வை. விசாரணை நடந்தது லங்காஷயரில், 1840 அக்டோபரில். பருத்தி மில்களின் நாடு அது. 1837-லிருந்து 1842 வரை அங்கே மில் தொழில் படுத்துக் கிடந்தது. வேலையில்லாத வீடுகள் தெருத் தெருவாக இருந்தன. அந்த வீடுகளில் துணிதான் சேமிப்பு. திங்கட்கிழமை நல்ல உடுப்பை அடகுக் கடையில் வைத்து ரொட்டி வாங்குவார்கள். சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்பார்கள். கூலியே வராவிட்டால் மீட்பு ஏது? சால்வை, பாவாடை, போர்வை, இஸ்திரிப் பெட்டி எல்லாமே அடகுக் கடையில் உடனே காசாகிற பொருள்கள். அதனால்தான் அந்தக் காலத்து வழக்குகளில் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இஸ்திரிப் பெட்டி என்றால் மகள் மின்சாரப் பெட்டியை நினைத்துக்கொள்வாள். இது அடுப்பில் சூடுபண்ணித் தேய்க்கிற தட்டையான இரும்புக் கட்டி, கைப்பிடியோடு. முந்தானைக்குள் மறைத்துத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பது லேசான காரியமில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 'பசிக் கொடுமையில் ஒரு ரொட்டித் துண்டு திருடினார்' என்று கதையை மாற்றாதீர்கள். மாமியார் வீட்டுப் பெருமைப் பேச்சிலும் அந்த ரொட்டித் துண்டு நுழைந்திருக்கும். இந்த நாட்டில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் சொல்கின்றன. பாட்டி திருடினார். அநேகமாக முதல் முறையும் அல்ல. 1840-களில் இத்தனை சிறிய திருட்டுக்குக் கப்பலேற்றப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் முன்பே ஒருமுறையாவது உள்ளே இருந்துவிட்டு வந்தவர்கள். சால்வையைப் பறிகொடுத்தவரும் அதே தெருவில் அதே குளிரில் இருந்த இன்னொரு பெண்ணாகத்தான் இருந்திருப்பார். ஏழைகள் திருடியது பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஏழையிடம்.

இதைப் பிள்ளைக்குப் புரியவைக்க ஒரு நிஜ வழக்கைச் சொல்லுங்கள். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம், 1789 ஜனவரி. மேரி வேட் என்ற சிறுமி. உங்கள் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். இன்னொரு சிறுமியோடு சேர்ந்து, பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்த எட்டு வயதுக் குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், அவள் போட்டிருந்த பருத்திச் சட்டை, தோள் துணி, தொப்பி மூன்றையும் கழற்றிக்கொண்டார்கள். சட்டை அடகுக் கடைக்குப் போனது. தீர்ப்பு, தூக்கு. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயிலிருந்து தேறிய மகிழ்ச்சியில் அந்த மார்ச் மாதம் பலருடைய தூக்கு ரத்தானது. மேரியுடையதும் நாடு கடத்தலாக மாறியது. 1790 ஜூனில் லேடி ஜூலியானா கப்பலில் சிட்னி வந்து சேர்ந்தார். பல பிள்ளைகளைப் பெற்று, 1859-ல்தான் இறந்தார். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த கெவின் ரட் அவருடைய வழித்தோன்றல்களில் ஒருவர். விசாரணையில் பேசிய பேச்செல்லாம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. மகளோடு உட்கார்ந்து படிக்கலாம். குளிரில் சட்டையில்லாமல் நின்ற அந்த எட்டு வயதுக் குழந்தைக்காகவும் உங்கள் மகள் வருத்தப்படுவாள். வருத்தப்படட்டும். தூக்குத் தண்டனைக்காகவும் கொதிப்பாள். இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் இருக்கலாம் என்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட எளிதாகப் பிடிபடுகிறது. பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பாட்டியின் கப்பல் பயணம் நீங்கள் நினைக்கக்கூடிய அளவு கொடுமையாக இருந்திருக்காது. 1790-ல் வந்த இரண்டாவது கப்பல் தொகுதியில் கால்வாசிப் பேர் கடலிலேயே செத்தார்கள். கைதியை ஏற்றிக்கொண்டால் போதும், இறக்கும்போது உயிரோடு இருக்கிறாரா என்று பாராமல் காசு கொடுத்த காலம் அது. பாட்டி வந்தபோது ஒவ்வொரு கைதிக் கப்பலிலும் கடற்படை மருத்துவர் ஒருவர் பொறுப்பில் இருந்தார். அதே 1841-ல் 'ராஜா' என்ற கப்பல் 180 பெண்களோடு ஏப்ரல் 5 அன்று லண்டன் அருகே வுல்விச்சிலிருந்து கிளம்பி, ஜூலை 19 அன்று ஹோபார்ட் சேர்ந்தது. 105 நாள். எலிசபெத் ஃப்ரை என்ற அம்மையார் அமைத்திருந்த பெண்கள் குழு, புறப்படுகிற ஒவ்வொரு கைதிப் பெண்ணுக்கும் ஒரு பை கொடுக்கும். ஊசி, நூல், ஏப்ரன், அதோடு இரண்டு பவுண்டு எடைக்கு வெட்டுத்துணி. அந்தத் துண்டுகளை வைத்து 'ராஜா' பெண்கள் வழிநெடுக ஒரு பெரிய போர்வை தைத்தார்கள். 2,815 துண்டுகள். நடுவில் வெள்ளைத் துணி, அதில் பூவும் பறவையும் வெட்டி ஒட்டித் தைத்தது. கீழ்ப்பக்கம் அந்தக் குழுவுக்கு நன்றி சொல்லிச் சிறிய சிலுவைத் தையலில் எழுத்து. அது இன்று கான்பெராவில், தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. நைந்த துணி என்பதால் எப்போதாவதுதான் வெளியே வைப்பார்கள். ஒருமுறை பார்க்கக் கிடைத்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், ஒரு மூலையில் பல் வரிசை மாதிரி சீரான தையல். இன்னொரு இடத்தில் ஊசி பிடிக்கவே பழகாத கை போட்ட நீளமான தையல். எத்தனையோ கைகள். சமமான தையலும் கோணல் தையலும் ஒரே போர்வையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

உங்கள் பாட்டி வந்தது அந்தக் கப்பல் அல்ல. ஆனாலும் அந்த வருடம் அதே வழியாக வந்தவர் என்பதால், அவருடைய கையிலும் அப்படி ஒரு துணிப்பை இருந்திருக்கும் என்று மகளிடம் சொல்லலாம்.

இனி, நீங்கள் கூசிய பகுதி. ஹோபார்ட்டில் இறங்கியதும் கைதிப் பெண்களை வீட்டு வேலைக்கு ஒதுக்கிவிடுவார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடு, துணி, படுக்க ஓர் இடம். எசமானுக்குப் பிடிக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் ஒரு புகார் போதும். பாட்டியின் பக்கத்தில் இருக்கும் குற்றங்களை வரிசையாகப் பாருங்கள். 'அனுமதியில்லாமல் வெளியே இருந்தார்': சாயங்காலம் தெருவுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பினாலே இது. 'மரியாதைக் குறைவு': எதிர்த்து ஒரு வார்த்தை. 'குடித்திருந்தார்': குடித்திருந்தார்தான், இதற்குச் சப்பைக்கட்டு வேண்டாம். நாம் இன்று வேலைக்காரியை விட்டு நிற்கச் சொல்கிற, அல்லது அவரே நின்றுவிடுகிற காரணங்கள்தான் இவை. நின்றுவிட அவருக்கு வழியில்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிமைச் சிறை 14 நாள், ஃபேக்டரியில் மூன்று மாதம் என்று தண்டனை. திருடியதாக ஒரு வரிகூட அந்தப் பக்கத்தில் இல்லை. ஹோபார்ட் வந்தபின் பாட்டி ஒருமுறைகூடத் திருடியதாகப் பிடிபடவில்லை. உங்கள் அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

ஃபேக்டரி என்றால் தொழிற்சாலை மட்டுமல்ல. பெண்கள் சிறையும் அதுதான். ஹோபார்ட்டுக்கு வெளியே, வெலிங்டன் மலையடியில், ஓடைக்கரையில் ஒரு பழைய சாராய ஆலையை மாற்றி 1828-ல் திறந்த காஸ்கேட்ஸ் ஃபீமேல் ஃபேக்டரி. மலை நிழல் சீக்கிரம் விழுந்துவிடுகிற பள்ளம், சுவரெல்லாம் ஈரம். பெண்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். கடைசியான தண்டனை வகுப்புப் பெண்களின் சட்டை முதுகிலும் கையிலும் பாவாடையிலும் பெரிய மஞ்சள் எழுத்து ஒன்றைத் தைத்தார்கள். ரொட்டி, கஞ்சி, சூப். வேலை, ஊர்த் துணியெல்லாம் துவைப்பது. தார் பூசிய பழைய கப்பல் கயிற்றை விரலால் பிரித்துப் பிரித்து நாராக்குவது. விரல் நுனி கிழியும்.

பிள்ளை பெற்றது இங்கேதான். கர்ப்பம் தெரிந்ததும் வேலை வீட்டார் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எசமானோ, எசமான் மகனோ, வெளியே பழகிய ஆளோ, தகப்பன் யாராக இருந்தாலும் பதிவேட்டில் இடம்பெறுவது தாய் மட்டும்தான். குழந்தை பால் மறந்ததும் தாய் தண்டனை வகுப்புக்குப் போக வேண்டும். குழந்தை நெருக்கடியான அறையில் இருக்கும். உயிரோடு மிஞ்சினால் இரண்டு மூன்று வயதில் அநாதைப் பள்ளிக்கு. நிறையக் குழந்தைகள் மிஞ்சவில்லை. 1830-களின் கடைசியில் ஹோபார்ட் பத்திரிகைகளே இதைப் பற்றிக் கொதித்து எழுதின. பாட்டியின் பக்கத்தில் குழந்தை பிறந்ததற்கு ஒரு வரி இருக்கிறது. அதற்குப் பத்து மாதம் கழித்து, வேறு மையில், இறந்ததற்கு அரை வரி. அடுத்த வரி, மூன்று வாரம் கழித்து: 'அனுமதியில்லாமல் வெளியே இருந்தார், குடித்திருந்தார்.'

இந்த மூன்று வரியையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள், சகோதரி. நீங்களும் ஒரு தாய். அதிகாரி மூன்று தனித்தனிக் குறிப்புகளாக எழுதினார். நாமும் அப்படியே படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மகளுக்கு இதை எந்த அளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. என் அபிப்பிராயம், 'பாட்டிக்கு ஒரு பாப்பா பிறந்து இறந்துபோனது, அதற்கப்புறம் பாட்டி ரொம்ப உடைந்துபோனார்' என்று சொன்னால் போதும். கட்டுரையில் அது வேண்டுமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். கல்யாணம், தகப்பன் என்ற பேச்செல்லாம் அவள் கேட்கிற வயதில் கேட்கட்டும்.

பக்கத்தின் அடியில் இருப்பது: 1846-ல் திருமண அனுமதி. கைதிகள் கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். 1847 அக்டோபரில் விடுதலைச் சான்று. தண்டனைக் காலம் தீர்ப்பு நாளிலிருந்து கணக்கு. விடுதலை என்றால், இனி நீ கைதி இல்லை என்பது மட்டும்தான். ஊர் திரும்ப அரசு கப்பல் சீட்டு தராது. ஒரு பெண் அந்தக் காசைச் சேர்க்கவே முடியாது. அதனால் பெரும்பாலான பெண்கள் திரும்பவே இல்லை. லங்காஷயரில் விட்டுவந்த பிள்ளைக்கு அப்போது குறைந்தது ஏழு வயது.

1788-லிருந்து 1868 வரை பிரிட்டனும் அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியவர்கள் ஏறக்குறைய 1,62,000 பேர். அதில் பெண்கள் சுமார் 25,000. இவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்களைப் போலத்தான் கூசினார்கள். வான் டீமன்ஸ் லாண்ட் என்ற பெயரைக் கேட்டாலே கைதிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள் என்று, 1856-ல் தீவின் பெயரையே டாஸ்மேனியா என்று மாற்றினார்கள். குடும்பங்கள் பிறந்த ஊரை மாற்றிச் சொன்னார்கள், கப்பல் பெயரை மறைத்தார்கள், 'பாட்டி சுதந்திரமாக வந்தவர்' என்று பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தார்கள். மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். அவருடைய சிறுவயதில் வீட்டில் யாராவது இதைப் பேசினார்களா என்று. இன்றைய பெருமைக்கு ஓர் ஐம்பது அறுபது வருட வயதுதான். இன்று 20 டாலர் நோட்டில் இருக்கும் மேரி ரெய்பி, 13, 14 வயதில் குதிரை திருடியதற்காக இங்கே அனுப்பப்பட்டவர். பிறகு கப்பல்களும் கடைகளும் வைத்து நடத்தியவர். வகுப்பில் உங்கள் மகளை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். எங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இல்லையே என்றுதான் மற்றப் பிள்ளைகள் ஏங்குவார்கள்.

அந்தப் பெருமையையும் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டி இறங்கிய தீவு காலியாக இருந்த தீவு அல்ல. அதன் பூர்வகுடிகளில் போரிலும் நோயிலும் தப்பியவர்களை 1830-களில் ஃபிளிண்டர்ஸ் தீவில் வைபலென்னா என்ற இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 1847-ல், பாட்டி விடுதலை பெற்ற அதே வருடம், ஹோபார்ட்டுக்குத் தெற்கே ஆய்ஸ்டர் கோவுக்கு மாற்றியபோது மிஞ்சியிருந்தவர்கள் 47 பேர். அவர்களுடைய சந்ததி இன்றும் டாஸ்மேனியாவில் இருக்கிறது. உங்கள் மகளின் வகுப்பிலேயே இருக்கலாம். பாட்டியும் கணவரும் பின்னால் பயிர்செய்த நிலம் யாருடையது என்று ஒரு வரி அந்தக் கட்டுரையில் வந்தால், ஆசிரியர் கேட்பதற்கு முன்பே பிள்ளை பதில் சொன்னதாகும்.

இனி உங்கள் அம்மா. 'திருட்டுப் பரம்பரை' என்று அவர் சொல்வதற்கு நான் கோபப்பட மாட்டேன். தீவாந்தர சிட்சை, அந்தமானுக்கு அனுப்புவது என்று கேட்டே வளர்ந்த தலைமுறை. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் உள்ள கனம் எனக்கும் தெரியும். அவரிடம் சிங்கப்பூரைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் தாத்தா போய் இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே சென்னை மாகாணக் கைதிகள் போய்விட்டார்கள். 1825 ஏப்ரலில், சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றப்பட்ட முதல் இந்தியக் கைதிகள் 80 பேர். எல்லோரும் சென்னையிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். 1873 வரை அங்கே இந்தியக் கைதிகள் காடு வெட்டினார்கள், சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியதும் அவர்கள்தான். அதன் உட்சுவரின் வெள்ளைப் பூச்சு என்ன தெரியுமா? சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர். காய்ந்ததும் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கியது. அங்கே அதை இன்றும் மெட்ராஸ் சுண்ணாம்பு என்றே சொல்கிறார்கள். காரைக்குடிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சிங்கப்பூரில் ஒரு நாள் இறங்கி, அந்தச் சுவரை அம்மாவுக்கு வீடியோவில் காட்டுங்கள். அந்தக் கைகள் யாருடைய தாத்தாவுடையவை என்று நம் வீடுகளில் யாரும் எழுதிவைக்கவில்லை. உங்கள் மாமியார் வீட்டில் ஒரு பக்கமாவது இருக்கிறது.

கட்டுரையை மகள் எப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அது அவளுடையது. ஒன்று மட்டும்: 'திருடி', 'கைதி' என்று பெயர்ச்சொல்லில் ஆரம்பிக்காமல், 'அவருக்கு வயது 19, உயரம் 4 அடி 11 அங்குலம்' என்று ஆரம்பிக்கலாமே என்று கேட்டுப் பாருங்கள். தைக்க ஆசையிருந்தால் இன்னொன்றும் செய்யலாம். கிறிஸ்டினா ஹென்றி என்ற டாஸ்மேனியக் கலைஞர், நாடு கடத்தப்பட்ட 25,566 பெண்களுக்கும் ஆளுக்கொரு துணித் தொப்பி என்று உலகம் முழுவதும் உள்ளவர்களைத் தைக்கவைத்தார். ஒவ்வொரு தொப்பியிலும் ஒரு பெண்ணின் பெயர், கப்பல் பெயர், வந்த ஆண்டு. அதே மாதிரி பாட்டிக்கு ஒன்று வீட்டிலேயே தைக்கலாம். பழைய வெள்ளைத் துணி போதும். பாட்டியும் தங்கம் மாதிரி தைத்திருக்க மாட்டார், கோணலாக வந்தால் பரவாயில்லை.

நீங்கள் அனுப்பிய நகலில் வலது ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டுப்பட்டிருக்கிறது. திருமண அனுமதி வரியின் கடைசிச் சொல் அதில் போய்விட்டது. மூலப் பக்கம் டாஸ்மேனிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இருக்கிறது, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மாமியாரிடம் பதிவேட்டு எண் இருக்கும், முழுப் பக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதோடு, லங்காஷயர் திருச்சபை ஞானஸ்நானப் பதிவுகளில் 1838-லிருந்து 1840 வரை அந்தக் குடும்பப் பெயரைத் தேட வேண்டும். கையில் குத்தியிருக்கும் முதல் எழுத்தில் தொடங்குகிற பெயர் எதாவது கிடைக்கிறதா என்று நானும் பார்க்கிறேன். மகளையும் கூட உட்காரவையுங்கள். பொடி எழுத்தைப் படிக்க அவள் கண்தான் தோது.

அன்புடன்,
உங்கள் குடும்ப வரலாற்று ஆலோசகர்